பட்டா தாத்தா பெயரில், எண் யாருக்கு?

கேள்வி: பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே உள்ளது. விவசாயி அடையாள எண் கிடைக்குமா?

பதில்: பட்டா மாறாமல் கிடைப்பது கடினம். 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் டிஜிட்டல் வேளாண் இயக்கம், 11 கோடி விவசாயிகளுக்கு இந்த எண்ணைக் கொடுக்க இலக்கு வைத்துள்ளது. ஆதாரும் நில ஆவணமும் சாகுபடிப் பயிரும் இதில் ஒன்றாக இணைகின்றன. கம்ப்யூட்டருக்கு உழுதவர் யாரென்று தெரியாது. பட்டாவில் உள்ள பெயர்தான் தெரியும். இறந்தவருக்கு ஆதார் சரிபார்ப்பு எப்படி நடக்கும்?

இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். பாகம் பிரிய நாளாகும் என்றால் முதலில் கூட்டுப் பட்டாவாவது வாங்கிவிடுங்கள். அண்ணன் தம்பி மனத்தாங்கலால் தள்ளிப்போட வேண்டாம், பி.எம். கிசானின் 6,000 ரூபாயும் நில ஆவணத்தைப் பார்த்தே வருகிறது.

குத்தகைக்காரர்களுக்கு அந்தப் பணம் இல்லை. இது திட்டத்தின் பெரிய ஓட்டை. ஆனால் அவர்கள் அடங்கல் வாங்கிப் பயிர்க் காப்பீடு செய்யலாம்.