ஒரே ஒருவர் வசித்த ஊர்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். "அமெரிக்காவில் ஒரு ஊராம் சார். மொத்த ஜனத்தொகையே ஒன்றுதானாம். மேயரும் அவரே, கஜானாவும் அவரே, ஓட்டுப் போடுகிறவரும் அவரே!" எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்த ஊரைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தபிறகு, சிரித்தது சரிதானா என்று தோன்றிவிட்டது.

அந்த ஊரின் பெயர் மோனோவி. நெப்ராஸ்கா மாநிலத்தின் வடகோடியில், நையோப்ராரா, மிசௌரி என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே பாய்டு மாவட்டத்தில் இருக்கிறது. 1902-இல் ரயில் பாதை அந்தப் பக்கம் நீண்டபோது உண்டான ஊர். சுற்றிலும் காட்டுப்பூக்கள் மண்டிக் கிடந்ததால், பூ என்று பொருள்படும் பூர்வகுடிகளின் சொல்லையே பெயராக வைத்தார்கள் என்கிறார்கள்.

அந்தப் பூர்வகுடிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. நையோப்ராரா ஆற்றோரம் போன்கா என்ற இனத்தாரின் மண். 1877-இல் அவர்களை அங்கிருந்து கிளப்பி, தெற்கே இன்றைய ஓக்லஹோமா பக்கம் கொண்டுபோய் விட்டது அமெரிக்க அரசு. போன இடத்தில் நோயிலும் பட்டினியிலும் பலர் மாண்டார்கள். ஸ்டாண்டிங் பேர் என்ற தலைவரின் மகனும் இறந்தான். சொந்த மண்ணில் புதைப்பதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்த தகப்பன், 1879 ஜனவரிக் குளிரில் சுமார் முப்பது பேருடன் நடந்தே வடக்கே கிளம்பினார். வழியில் கைது செய்யப்பட்டார். ஓமஹா நகர நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், செவ்விந்தியரும் சட்டத்தின் கண்ணில் 'மனிதர்'தான் என்று நீதிபதி டண்டி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மோனோவியின் கடைசிக் குடியைத் தேடி உலகமெங்கிருந்தும் நிருபர்கள் போனார்கள். அந்த மண்ணின் முதல் குடிகளைப் பற்றி அந்தச் செய்திகளில் நான் எதையும் பார்க்கவில்லை.

இனி ஊர்க் கதைக்கு வருகிறேன். 1862-இல் வந்த சட்டத்தின்படி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் நிலம் இனாம். இதை நம்பி வந்தவர்களால்தான் நெப்ராஸ்கா நிரம்பியது. குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றிவந்து ரயிலில் போட்டுவிட்டு ஒரே நாளில் வீடு திரும்ப வேண்டுமே! அந்தத் தூரத்தை அனுசரித்து ஸ்டேஷன்கள் வந்தன, ஸ்டேஷனைச் சுற்றி ஊர்கள் வந்தன. 1930களில் மோனோவியில் சுமார் 150 பேர் இருந்தார்கள். மளிகைக் கடைகள், பள்ளிக்கூடம், தபாலாபீஸ், மாதா கோயில் எல்லாம் இருந்தன.

பிறகு காரும் டிராக்டரும் வந்தன. வண்டிமாட்டுத் தூரத்துக்கு ஒரு ஊர் என்ற கணக்கே வேண்டாததாகிவிட்டது. 1930களின் வறட்சி வேறு. 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைத்த மாநிலத்தில் இன்று சராசரிப் பண்ணையே 900 ஏக்கருக்கு மேல். ஆட்கள் எங்கே வேண்டும்? 1967-க்குப் பிறகு சில வருஷங்களுக்குள் தபாலாபீஸும் கடைசி மளிகைக் கடையும் மூடின. 1974-இல் பள்ளிக்கூடமும் போயிற்று. 1980 சென்சஸில் 18 பேர், 1990-இல் 6 பேர், 2000-இல் இரண்டே பேர், ஒரு கணவனும் மனைவியும். 2004-இல் கணவர் காலமானார். 2010 சென்சஸில் மோனோவியின் ஜனத்தொகை ஒன்று.

ஊரைவிட்டு ஓடிப்போனவர்கள் என்று போனவர்களைக் குறை சொல்லுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. நாமெல்லாம் போனவர்கள்தானே? பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் உட்கார்ந்திருப்பாள்? நம் தூத்துக்குடி மாவட்டத்து மீனாட்சிபுரமும் தண்ணீர் இல்லாமல் இப்படித்தான் காலியாயிற்று. ஒரே ஒரு பெரியவர் மட்டும் கடைசிவரை அங்கேயே இருந்து 2024-இல் மறைந்தார்.

மோனோவி அம்மையாரிடம் என்னைக் கவர்ந்தது தனியாக இருந்த துணிச்சல்கூட அல்ல, அவர் வைத்திருந்த காகிதங்கள். சட்டப்படி பதிவான ஊர் என்பதால் வருஷா வருஷம் மாநில அரசுக்குச் சாலைத் திட்டம் எழுதி அனுப்பினார். அனுப்பினால்தான் ஊரின் நான்கு தெருவிளக்குகளுக்குப் பணம் வரும். தமக்குத் தாமே வரி விதித்துத் தாமே கட்டினார். 1971-இல் தம்பதியாகத் தொடங்கிய சாப்பாடும் மதுவும் விற்கும் கடைக்கு லைசென்ஸ் விண்ணப்பத்தை ஊர்க் காரியதரிசி என்ற முறையில் தாமே வாங்கிக் கையெழுத்திட்டார். கணவர் சேர்த்த 5,000 புத்தகங்களை ஒரு சிறு கட்டிடத்தில் வைத்து, அவர் பெயரிலேயே நூலகமாகத் திறந்தார். நம்மவர்கள் சிரித்தது இதற்குத்தான். ஆனால் ஒரு வருஷம் அந்தக் காகிதத்தை அனுப்பாமல் விட்டிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஊர் என்ற பெயரும் நாளடைவில் போயிருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2020 சென்சஸில் மோனோவியின் ஜனத்தொகை இரண்டு என்று வந்தது! இரண்டாவது ஆள் யார் என்று அந்த அம்மையாருக்கே தெரியவில்லை. விஷயம் இதுதான். தனி மனிதரின் விவரம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, சிற்றூர்களின் எண்ணிக்கையில் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே ஒன்றிரண்டைக் கூட்டியோ குறைத்தோ வெளியிடுகிறது. மாநிலத்தின் மொத்தத் தொகை மட்டும் மாறாது.

அங்கே கம்ப்யூட்டர் இல்லாத ஓர் ஆளைச் சேர்த்தது. இங்கே என் வீட்டில் இருந்த ஐந்து பேர் காணாமல் போனார்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2011 சென்சஸ்காரர் எங்கள் தில்லி வீட்டுக்கு வந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். மருமகள்தான் பதில் சொன்னாள், இந்தியில். அவர் கேட்டதும் இந்தி, இவள் சொன்னதும் சுத்தமான இந்தி. மாலையில் வந்து, "தாய்மொழி என்னவென்று சொன்னாய் அம்மா?" என்று கேட்டேன். "அதை அவர் கேட்கவே இல்லையே அப்பா, அவரே எழுதிக்கொண்டார்" என்றாள். என்ன எழுதியிருப்பார் என்று யூகிக்கப் பெரிய ஜோசியம் வேண்டியதில்லை. எங்கள் வீடு ஒன்றுதான் இப்படி என்று நான் நினைக்கவில்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956-இல் நமது அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதைக் காட்டி, வெளி மாநிலத்தில் ஒரு தமிழ் வகுப்பு வேண்டும் என்று மனுக் கொடுக்கப் போனால் அதிகாரி முதலில் கேட்பது, "எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்பதுதான். பொங்கல் விழாவுக்கு வந்த கூட்டத்தின் போட்டோவைக் காட்டினால் ஒப்புக்கொள்வாரா? ஒரே ஒரு ஆளாக இருந்த அம்மையார் வருஷம் தவறாமல் தம் ஊரைக் காகிதத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கில் இருக்கும் நாம் வாசலுக்கு வருகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சோம்பல்படுகிறோம்.

2021-இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் யார் கதவைத் திறப்பார்களோ அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நான் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பேத்தி கேட்டாள்: "எனக்கும் தமிழா தாத்தா? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே!"

படிக்கத் தெரியுமா என்று அந்தக் கேள்வியில் இல்லை. குழந்தையாக இருந்தபோது தாய் அந்தக் குழந்தையிடம் பேசிய மொழி எதுவோ அதுதான் தாய்மொழி என்பது சென்சஸ் விதி. தெரிந்த வேறு மொழிகள் இரண்டைச் சொல்லத் தனியே ஒரு கேள்வி உண்டு. இந்தியையும் இங்கிலீஷையும் அங்கே தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.