பழைய காருக்கு ஒரிஜினல் பார்ட்ஸ்: எதைத் தேடலாம், எதைத் தேடக் கூடாது?

பழைய அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கிப் புதுப்பிக்கும் நண்பர்கள் இப்போது ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள்.

நல்ல விஷயம். தாத்தா ஓட்டிய வண்டியைக் கண்டம் பண்ணி இரும்புக் கடைக்கு அனுப்பாமல், மறுபடியும் ரோட்டுக்குக் கொண்டு வருவது சாதாரண வேலை இல்லை.

ஆனால் அவர்களிடம் அஞ்சு நிமிஷம் பேசினால் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும்.

"ஒரிஜினல்."

ஒரிஜினல் கிரில் கிடைச்சிடுச்சு. ஒரிஜினல் ஸ்டியரிங் கிடைச்சிடுச்சு. ஒரிஜினல் பிரேக் லைனிங், பெட்டியே பிரிக்காம கிடைச்சிடுச்சு...

கடைசியாகச் சொன்னதைக் கேட்டால்தான் எனக்குப் பயம் வருகிறது.

நான் மெக்கானிக் இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். விபத்தில் அடிபட்டு வருபவர்களைப் பார்ப்பது என் அன்றாட வேலை. அந்த இடத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்.

கண்ணுக்கு அழகாகத் தெரியும் பாகம் ஒரிஜினலாக இருக்கட்டும். உயிரைத் தாங்கும் பாகம் புதுசாக இருக்கட்டும்.

முதலில் தேட வேண்டியவற்றைப் பார்ப்போம்.

அம்பாசிடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரில் இருந்து வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரானது. அத்தனை வருஷம் ஓடியதால் அதற்கு மெக்கானிக்கல் பாகங்கள் கிடைப்பது பெரிய கஷ்டம் இல்லை.

கஷ்டம் எதில் என்றால் மார்க் 1, மார்க் 2 மாடல்களின் கிரில், டேஷ்போர்டு, மீட்டர், எம்பளம் போன்றவற்றில். மாடலுக்கு மாடல் இவை மாறிவிட்டன. மார்க் 3 கிரிலை மார்க் 1இல் வைத்தால் விவரம் தெரிந்தவர் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பத்மினிக்கு மூலம் ஃபியட் 1100. அதனால் அந்த ஃபியட்டின் பாகங்கள் பலவும் பொருந்தும்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு பாகங்கள் பல பொருந்தும். ஆனால் நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவை லண்டனில் தேடினாலும் கிடைக்காது. இங்கேதான் யார் வீட்டுக் கொட்டகையிலாவது இருக்கும்.

சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் தெரியும். தேடிப் போகும்போது மூன்று விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பெட்டியை நம்பாதீர்கள். பழைய பெட்டிக்குள் புது டூப்ளிகேட் இருக்கலாம். பாகத்தின் மேல் வார்த்திருக்கும் அல்லது குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். பழைய லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவற்றில் பார்ட் நம்பரோடு தயாரான வருஷமும் குத்தியிருக்கும். உங்கள் வண்டி 1965 மாடல், பாகத்தில் 72 என்று இருந்தால், அது நல்ல பாகமாக இருக்கலாம், ஆனால் உங்கள் வண்டியோடு பிறந்தது இல்லை.

இரண்டு, உங்கள் பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். போட்டோ மட்டும் போதாது. போல்ட் ஓட்டை கால் இன்ச் தள்ளியிருந்தாலும் பொருந்தாது.

மூன்று, பில் கேளுங்கள். எம்பளமும் வீல் கப்பும் திருட்டுப் போகிற பொருட்கள். சந்தேகமான விலைக்கு வந்தால் வாங்காதீர்கள்.

சரி, இப்போது தேடக் கூடாதவை.

முதலாவது, ரப்பர்.

பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப், மாஸ்டர் சிலிண்டர் சீல். இவற்றைப் "பழைய ஸ்டாக், புதுசு மாதிரியே இருக்கு" என்று விற்பார்கள்.

வீட்டுப் பரணில் சீல் பிரிக்காத மாத்திரை அட்டை கிடைக்கிறது. எக்ஸ்பைரி 1975. சாப்பிடுவீர்களா?

ரப்பரும் அப்படித்தான். உபயோகிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் காற்றும் வெப்பமும் பட்டு இறுகும், வெடிக்கும்.

அந்தக் காலக் கார்கள் பலவற்றில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் ஒரு சக்கரம் மட்டும் போகாது. நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பெடல் அப்படியே தரை வரைக்கும் இறங்கும்.

இரண்டாவது, பிரேக் லைனிங்கும் கிளட்ச் பிளேட்டும்.

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் கலந்திருக்கும். வெப்பத்தைத் தாங்கும் என்பதால் அன்று உலகம் முழுக்க அதைத்தான் போட்டார்கள்.

இன்று நமக்குத் தெரியும். எல்லா வகைக் கல்நாரும் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

அந்த நார்கள் கண்ணுக்குத் தெரியாது. மூச்சில் உள்ளே போனால் நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள சவ்விலும் தங்கிவிடும். நுரையீரல் புற்று, மீசோதீலியோமா எனும் சவ்வுப் புற்று வரலாம். உடனே வராது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும். அதனால்தான் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. கூடவே பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் நுரையீரல் புற்றுக்கான ஆபத்து பல மடங்கு ஏறும்.

இதில் எனக்கு மனசு வலிக்கும் இடம் ஒன்று உண்டு.

அந்தத் தூசியைச் சுவாசிப்பது காரின் ஓனர் இல்லை. பட்டறையில் டிரம்மைக் கழற்றி, கம்ப்ரஸர் காற்றைப் பிடித்து "புஸ்" என்று ஊதுகிறாரே மெக்கானிக் அண்ணன், அவர். பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன்.

ஒரிஜினல் வேண்டும் என்ற ஆசை உங்களுடையது. அதற்கான தூசி அவர் நுரையீரலுக்கு. இது நியாயமா?

ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் கல்நாருக்கு முழுத் தடை. வெளிநாட்டில் இருந்து கிளாசிக் கார் இறக்கினால் கூட, கேஸ்கெட்டிலும் பிரேக்கிலும் கல்நார் இருக்கிறதா என்று எல்லையிலேயே சோதிக்கிறார்கள். அங்கேயும் பழைய கார் பிரியர்கள் இருக்கிறார்கள். கல்நார் இல்லாத லைனிங் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

ஆகவே கல்நார் இல்லாத லைனிங் என்று கேட்டு வாங்குங்கள். பழையதைக் கழற்றும்போது காற்று ஊத வேண்டாம், பிரஷ் போட்டுத் தட்டவும் வேண்டாம். ஈரமாக்கி, ஈரத்துணியால் துடைத்து, துணியை ஈரத்தோடு பையில் கட்டி மூடச் சொல்லுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் இதற்குப் போதாது.

மூன்றாவது, பெட்ரோல் ஹோஸ்.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20% வரை எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் கால ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஊறும், இளகும், கசியும். அம்பாசிடரில் கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்ட்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பெட்ரோல் சொட்டினால் எங்கே சொட்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு ஆகும் செலவு ஒரு தீக்காய வார்டு அட்மிஷன் முன்னால் ஒன்றுமே இல்லை.

நான்காவது, டயர்.

பட்டன் நல்லா இருக்கு என்று ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23வது வாரம் தயாரானது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தைய டயர். அது ஓட்டுவதற்கு இல்லை.

ஐந்தாவது, சீட் பெல்ட்.

"இந்த மாடலில் பெல்ட்டே கிடையாது டாக்டர், போட்டா ஒரிஜினாலிட்டி போயிடும்" என்பார்கள்.

மூன்று முனை சீட் பெல்ட்டை வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் கொண்டுவந்தது 1959இல். அம்பாசிடர் பிறந்த அடுத்த வருஷம். ஆக, பெல்ட்டும் உங்கள் காரின் காலத்துப் பொருள்தான்!

அந்தக் காலத்து ஸ்டியரிங் தண்டு மோதும்போது மடங்காது. பெல்ட் இல்லாத டிரைவரின் நெஞ்சு நேராகப் போய் அதில்தான் மோதும். விலா எலும்பு முறியும், நெஞ்செலும்பு முறியும், இதயத்தில் அடிபடும், பெருந்தமனி கிழியும். பெருந்தமனி கிழிந்தவரில் பெரும்பாலானோர் எங்களிடம் வந்து சேருவதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள்.

முன் சீட்டில் பெல்ட் போட்டால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அடித்தளத் தகட்டில் பலப்படுத்தும் பிளேட் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் மாட்டுங்கள். துருப்பிடித்த தகட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டிய பெல்ட் வெறும் அலங்காரம்.

"இதையெல்லாம் மாத்தினா வண்டியின் மதிப்பு குறையாதா?"

நியாயமான கேள்வி.

50 வருஷம் தாண்டிய வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. அதில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை. பிரேக் லைனிங்கை இல்லை, ரப்பர் ஹோஸை இல்லை.

கழற்றிய பழைய பாகங்களை, கல்நார் உள்ளவை தவிர, சீட்டு ஒட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். நாளைக்குக் கண்காட்சியில் யாராவது கேட்டால் காட்டலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர், கண்ணில் லென்ஸ் வைத்தவர் எல்லாம் நம் வீட்டில் இருக்கிறார்கள். "அப்பா இப்ப ஒரிஜினல் இல்லை" என்று யாராவது சொல்கிறோமா? அவர் இன்னும் பத்து வருஷம் நம்மோடு நடமாட வேண்டும் என்றுதானே செய்தோம்.

காரும் அப்படித்தான். பழைய காரின் பெருமை அது ஓடுவதில் இருக்கிறது. அது ஓட வேண்டும், ஓட்டுபவரும் உள்ளே இருக்கும் பேரப்பிள்ளைகளும் எதிரே சைக்கிளில் வருபவரும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்.

கிரிலுக்காக ஊர் ஊராக அலையுங்கள். எம்பளத்துக்காக ஆறு மாசம் காத்திருங்கள். தப்பே இல்லை.

பிரேக்குக்கு மட்டும் அலைய வேண்டாம். புதுசை வாங்கி மாட்டுங்கள்.

வீட்டில், நட்பில் பழைய கார் புதுப்பிப்பவர் யாராவது இருந்தால் இதைப் பகிருங்கள். அவருடைய மெக்கானிக்குக்கும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குத்தான் இது முக்கியம்.