கைகள் வேண்டுமாம், மனிதர் வேண்டாமாம்!

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது நம்மவர் பழமொழி. அதற்கு இலக்கியமாக ஓர் அரசியற் கட்சியைக் காட்டுமாறு எவரேனும் நம்மைக் கேட்பாராயின், ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுக் கட்சியைத் தயக்கமின்றிச் சுட்டுவோம். குடிவரவுச் சட்டத்தைச் சீர்திருத்தும் விடயத்தில் அக்கட்சி நாற்பது ஆண்டுகளாகத் தன்னோடு தானே மல்லுக்கு நிற்கின்றது. அதன் ஒரு கை மசோதாவை எழுதுகின்றது. மறு கை அதனைக் கிழித்தெறிகின்றது.

கட்சிக்குள் இரண்டு அணிகள் உண்டு என்பர். பண்ணை முதலாளிமாரும், விடுதிச் சொந்தக்காரரும், கட்டட ஒப்பந்தக்காரரும், அவர்களின் குரலாய் நிற்கும் அங்கத்தவரும் ஓரணி. இவர்களுக்கு மலிவான உழைப்பு வேண்டும். எல்லையை அடை, வந்தவனைத் துரத்து என்று முழங்குவோர் மற்றோரணி. இவர்களுக்கு மக்களின் அச்சத்தில் விளையும் வாக்கு வேண்டும். இவ்விரு அணியினரும் கீரியும் பாம்பும் போன்றோர் எனப் பத்திரிகைகள் எழுதுகின்றன. நாம் அங்ஙனம் கருதவில்லை. பிளவு உண்மையே. ஆயினும், அப்பிளவு தீராது நீடிப்பதால் இரு அணிக்கும் நட்டமில்லை. நட்டம் முழுவதும் மூன்றாம் ஆள் ஒருவனுக்கே. வதிவிடப் பத்திரமின்றி வயலிலும் சமையற்கட்டிலும் நின்று உழைக்கும் தொழிலாளியே அந்த மூன்றாம் ஆள். வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

1952ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் குடிவரவுச் சட்டமொன்றை நிறைவேற்றியது. அனுமதியின்றி வந்த ஒருவனுக்கு ஒளிவிடம் கொடுப்பது குற்றம் என்றது அச்சட்டம். அதே மூச்சில், அவனை வேலைக்கு வைத்துக்கொள்வது ஒளிவிடம் கொடுப்பதாகாது என்றும் கூறிற்று! பண்ணை முதலாளிமாரின் நலனுக்காகப் புகுத்தப்பட்ட இவ்வாசகத்துக்கு ‘டெக்சாஸ் விதிவிலக்கு’ என்றே பெயர் வழங்கலாயிற்று. அன்றைய பழியில் இரு பெருங் கட்சிகளுக்கும் பங்குண்டு. இரவிலே ஒருவனுக்குப் பாய் கொடுத்தால் குற்றம். பகலிலே அவனிடம் வேலை வாங்கினால் குற்றமில்லை. என்னே நீதி!

முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1986 நவம்பரில், குடியரசுக் கட்சியினர் தம் தலைவருள் தலைவராகப் போற்றும் சனாதிபதி றொனால்ட் றீகன் புதிய சட்டத்திற் கையொப்பமிட்டார். அதன் பயனாக ஏறத்தாழ 27 இலட்சம் பேர் சட்டபூர்வமான வதிவுரிமை பெற்றனர். அனுமதியற்றவரை வேலைக்கு வைப்பதும் நாடு முழுவதற்கும் முதன்முறையாகக் குற்றமாக்கப்பட்டது. றீகன் மன்னித்தார், மன்னிப்பைக் கண்டு மேலும் பல இலட்சம் பேர் வந்தனர், ஆகவே இனி மன்னிப்பென்ற பேச்சே கூடாது என்பது கடும்போக்கு அணியினர் அன்று தொட்டு ஓதிவரும் மந்திரம்.

அம்மந்திரத்திற் பாதி உண்மை. மறு பாதியை அவர்கள் விழுங்கிவிட்டார்கள். அனுமதியற்றவன் எனத் தெரிந்துகொண்டே வேலைக்கு வைத்தால் மாத்திரமே குற்றம் என்று அச்சட்டம் விதித்தது. தொழிலாளி காட்டும் பத்திரம் பார்வைக்கு மெய்யானதாகத் தோன்றினாற் போதும். முதலாளி அதற்குமேற் துருவ வேண்டியதில்லை. விளைவென்ன? கள்ளப் பத்திரம் செய்வோர் காட்டில் மழை பெய்தது. முதலாளி பார்த்தும் பாராதவனானான். எதிர்காலத்திற் தேவைப்படும் தொழிலாளர் நேர்வழியால் வருவதற்குப் போதிய வாயிலும் வைக்கப்படவில்லை. ஆகவே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தோற்கடித்தது மன்னிப்பன்று. முதலாளிக்கு வைத்த கதவுக்குத் தாழ்ப்பாள் இடாமையே. இதைச் சொல்லக் கடும்போக்கினர்க்கு நா எழவில்லை. சொன்னால் தம் கட்சிக்குப் பணம் தருவோரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிவருமே!

அதன்பின் நடந்தவை யாவும் ஒரே நாடகத்தின் பல காட்சிகள். 2005 டிசம்பரில், குடியரசுக் கட்சியின் ஆதிக்கத்திலிருந்த பிரதிநிதிகள் சபை, அனுமதியின்றி நாட்டில் இருப்பதையே பெருங்குற்றமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. 2006 மே மாதத்தில், அதே கட்சியின் ஆதிக்கத்திலிருந்த செனற் சபை, அத்தகையோருக்குப் பிரசாவுரிமை பெறும் வழியைத் திறக்கும் மசோதாவை 62க்கு 36 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. ஒரு கட்சி, ஒரு காங்கிரஸ், ஐந்து மாத இடைவெளி; ஒன்றையொன்று அழிக்கும் இரு மசோதாக்கள்! இரண்டையும் இணைக்க எவரும் முன்வரவில்லை. ஈற்றில் 700 மைல் வேலி அடைக்கும் சட்டமொன்றே மிஞ்சியது. மறு ஆண்டு சனாதிபதி ஜோர்ஜ் புஷ் தாமே முன்னின்று சீர்திருத்தத்துக்கு வாதாடினார். 2007 ஜூன் 28இல் செனற் சபையில் அம்முயற்சி 46க்கு 53 என வீழ்ந்தது. சனநாயகக் கட்சியினர் சிலரும் அதனை எதிர்த்தனர் என்பதை மறைக்கோம். ஆயினும், பதவியிலிருக்கும் தம் சனாதிபதியின் வேண்டுகோளுக்கு இசைந்த குடியரசுக் கட்சிச் செனற்றர்கள் பன்னிருவரே.

2012இல் மிற் றொம்னி தேர்தலிற் தோற்றார். வாழ்க்கையைத் தாங்கொணாததாக ஆக்கிவிட்டால் குடியேறியோர் தாமாகவே வெளியேறுவர் என்ற கொள்கையை அவர் பேசியிருந்தார். இஸ்பானிய வழியினரின் வாக்குகளில் கால்வாசியளவே அவருக்குக் கிட்டியது. கட்சியின் தேசியக் குழு விழித்துக்கொண்டது. முழுமையான குடிவரவுச் சீர்திருத்தத்தை ஆதரிக்க வேண்டுமென்று 2013 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு ஜூன் 27இல் செனற் சபை 68க்கு 32 என்ற வாக்குகளாற் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றிற்று. குடியரசுக் கட்சியினர் பதினால்வர் ஆதரித்தனர். அரச வரவுசெலவின் துண்டுவிழும் தொகையை அது குறைக்குமென்று காங்கிரசின் வரவுசெலவு அலுவலகமே மதிப்பிட்டது.

ஆயினும் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜோன் பேனர் அம்மசோதாவை வாக்கெடுப்புக்கே விடவில்லை. தம் கட்சியாருட் பெரும்பான்மையோர் இசையாத எதையும் சபைக்குக் கொண்டுவருவதில்லை என்ற எழுதாச் சட்டத்தின் பின்னே அவர் ஒளிந்துகொண்டார். நாட்டின் பெரும்பான்மை எதுவென எண்ணிப் பார்ப்பதற்காக ஏற்பட்டதே சபை. கட்சியின் பெரும்பான்மையை எண்ணுவதற்குக் கட்சிக் காரியாலயம் போதுமே. சபை எதற்கு என வினவுகின்றோம்.

2014 ஜூன் 10இல் இடி விழுந்தது. சபையில் அக்கட்சியின் இரண்டாம் தலைவராயிருந்த எரிக் கன்ரர், வேட்பாளரைத் தெரியும் உட்கட்சித் தேர்தலிலே, டேவ் பிராற் என்னும் பேராசிரியரிடம் தோற்றார். குடியேறியோருக்கு மன்னிப்பளிக்கத் துணைபோகிறார் என்பது கன்ரர் மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. அன்றோடு மிதவாதிகளின் நா உலர்ந்தது. 2013ஆம் ஆண்டு மசோதாவை ஆக்கிய எண்மருள் ஒருவரான மார்க்கோ றூபியோ, தாம் பெற்ற பிள்ளையை ஏற்கெனவே கைவிட்டிருந்தார். பின்னாளில், 2025இல், டொனால்ட் ட்ரம்ப் அரசில் வெளிநாட்டமைச்சர் பதவியில் அமர்ந்தார்.

மிதவாதிகள் மீது நமக்குள்ள வழக்கு இதுவே: அவர்கள் நியாயத்தின் பேரிற் பேசவில்லை, வாக்குக் கணக்கின் பேரிற் பேசினார்கள். சீர்திருத்தம் செய்யாவிடில் இஸ்பானிய வழியினர் வாக்களியார் என்பதே அவர்களின் தலையாய வாதம். 2024 தேர்தலில் ட்ரம்ப் கடும்போக்கையே பேசி, அவ்வினத்தவரின் வாக்குகளில் அரைவாசியை நெருங்கினார். கணக்கு மாறியதும் வாதம் இடிந்தது. உழைப்பவனுக்கு உரிமை உண்டு என்று வாதாடியிருந்தால், எந்தத் தேர்தல் முடிவும் அதனை இடித்திராது.

எதிர்க்கட்சி தடுத்தது என்ற சாட்டும் எடுபடாது. 2018இல் சனாதிபதிப் பதவியும் இரு சபைகளும் குடியரசுக் கட்சியின் கையிலேயே இருந்தன. சிறுவராய்க் கொண்டுவரப்பட்டு அந்நாட்டிலேயே வளர்ந்த இளைஞரின் கதியைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பைச் சபைத் தலைமையை மீறி நடத்துவதற்கு 218 கையொப்பங்கள் தேவைப்பட்டன. 216 கிடைத்தன. இரண்டு கையொப்பங்கள் குறைந்தன! தலைமை கொண்டுவந்த கடுமையான மசோதா 193க்கு 231 எனத் தோற்றது. சமரச மசோதா என்ற பெயரில் வந்தது 121க்கு 301 எனப் படுதோல்வி கண்டது. அதனை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் மாத்திரம் 112 பேர்.

மன்னிப்பே கூடாது என்பதுதான் தடையென்றால், 2024 பெப்ரவரியில் நடந்ததற்கு விடை கூறட்டும். ஒக்லஹோமா மாநிலத்துச் செனற்றர் ஜேம்ஸ் லாங்க்போர்ட், பழமைவாதத்திற் குறைகாண முடியாதவர். கட்சி கேட்டுக்கொண்டபடியே எதிர்க்கட்சியினருடன் பேசி, எல்லையைக் கடுமையாக்கும் உடன்படிக்கையொன்றைக் கொண்டுவந்தார். பத்திரமின்றி நெடுங்காலமாய் வாழும் தொகையினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. எல்லைக் காவலரின் தொழிற்சங்கமே அதனை ஆதரித்தது. ட்ரம்ப் எதிர்த்தார், தேர்தல் ஆண்டு அது. 49க்கு 50 என்ற வாக்குகளால் அது முன்னேற முடியாது நின்றது. ஆதரித்த குடியரசுக் கட்சியினர் நால்வரே. மன்னிப்புள்ள மசோதாவையும் கொன்றார்கள். மன்னிப்பில்லா மசோதாவையும் கொன்றார்கள். நோய் தீர்ந்துவிட்டால் வைத்தியன் பிழைப்பதெப்படி என்ற அச்சமன்றி இதற்கு வேறு காரணம் உண்டா?

2025இற் பிளவின் முழு வடிவும் ஒரே வாரத்தில் வெளிப்பட்டது. ஜூன் மாதத்தில், பண்ணைகளிலும் விடுதிகளிலும் உணவகங்களிலும் நடத்திய தேடுதல் வேட்டையை நிறுத்திவைக்கக் கட்டளை பிறந்தது. முதலாளிமாரின் முறைப்பாடு கேட்டது போலும்! சில நாட்களுக்குள் அக்கட்டளை மீளப் பெறப்பட்டது. அடுத்த மாதம், குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கும் எல்லைக்குமென ஏறத்தாழ 17,000 கோடி டொலரைச் சட்டமியற்றி ஒதுக்கினர். அதில் 4,500 கோடி தடுப்பு நிலையங்களுக்கு. பணம் ஒதுக்கும்போது பிளவு எங்கே ஒளிந்தது? மதிலுக்கும் சிறைக்கும் ஒன்றுபடுகிறார்கள். தொழிலாளியின் உரிமை என்றதும் இரண்டுபடுகிறார்கள்.

கற்றோர் விடயத்திலும் இதே கதைதான். 2024 டிசம்பரில், தொழில்நுட்பவியலாளருக்கான தற்காலிக வேலை அனுமதி பற்றி ட்ரம்பின் ஆதரவாளர்களே தமக்குள் மோதினர். ஈலோன் மஸ்க் வேண்டுமென்றார். ஸ்டீவ் பானன் வேண்டாமென்றார். அவ்வனுமதியைப் பெறுவோரிற் பெரும்பங்கினர் இந்தியர். அவர்களுள் தமிழ் இளைஞரும் பலர். 2025 செப்டெம்பரில், புதிய விண்ணப்பங்களுக்கு ஓர் இலட்சம் டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. வயற் கூலியாயினும் கணினி வல்லுநராயினும், வேலைக்கு வரவேற்பு, வேர்விடுவதற்குத் தடை.

எந்த நாட்டுக்கும் தன் எல்லையைக் காக்கும் உரிமையுண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. சட்டத்தை மீறி வந்தவனுக்கு ஏன் சலுகை என்று கேட்பதும் அறிவீனமன்று. ஆனால் கொடுக்கல் வாங்கலில் இருவர் உண்டு. விற்றவனைச் சிறையிலிட்டு வாங்கியவனை விருந்துக்கு அழைப்பது சட்டத்தைப் பேணுவதாகுமா? அமெரிக்க வயல்களிற் பயிர்த்தொழில் செய்யும் கூலியாட்களில் ஐந்தில் இரு பங்கினர் வரை வேலை அனுமதி அற்றவர்கள். 2022இல் பத்திரமற்றோர் செலுத்திய வரிகள் ஏறத்தாழ 9,700 கோடி டொலர் என வரிக் கொள்கை ஆய்வு நிறுவனமொன்று மதிப்பிட்டுள்ளது. அவர்கள் பறித்த பழம் மேசைக்கு வருகின்றது. அவர்கள் கட்டிய வரி திறைசேரிக்குப் போகின்றது. கூலியைக் குறைத்தால் அவர்கள் எவரிடம் முறையிடுவர்? முறையிட்டால் நாடுகடத்தல். இந்த அச்சமே முதலாளிக்கு ஆதாயம். அச்சத்தை வளர்ப்பதே கடும்போக்கினரின் தொழில். ஓரணி விதைக்கின்றது; மற்றோரணி அறுக்கின்றது. இதற்கா பிளவென்று பெயர்?

குடியரசுக் கட்சிக்கு இரு வழிகள் உண்டு. உழைப்பு வேண்டுமாயின் உழைப்பவனை மனிதனாக ஏற்று, நெடுங்காலம் உழைத்தவனுக்கு வதிவுரிமையும், இனி வருபவனுக்கு நேரான வாயிலும், இருவருக்கும் சட்டத்தின் காவலும் கொடுக்கட்டும். வேண்டாமாயின், அனுமதியற்றவனை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியையும் நீதிமன்றில் நிறுத்தி, கூலி உயர்வையும் விலை உயர்வையும் ஏற்கத் தயாராகுமாறு தன் வாக்காளரிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும். முதலாவது நீதியான வழி. இரண்டாவது கொடிதாயினும் நேர்மையான வழி. இரண்டையும் விட்டு, 1952ஆம் ஆண்டின் பாயையும் வேலையையும் இன்னமும் பிரித்துப் பேசிக்கொண்டிருப்பதை உட்கட்சிப் பூசல் என்று அழைக்க நாம் ஒருப்படோம். அது கூட்டுச் சுரண்டல். அந்தப் பெயராலேயே அது அழைக்கப்பட வேண்டும்.