முத்திரையைச் சோதிப்பவர் யார்?

காரைக்குடியிலே எழுதிய உண்டியல் இரங்கூனிலே பணமாக மாறிய காலம் ஒன்று உண்டு. ஒரு துண்டுக் காகிதம், அதிலே ஒரு கையொப்பம், அவ்வளவுதான். கடல் கடந்து சென்ற அந்தக் காகிதத்துக்கு மதிப்பளித்தது எது? தெய்வத்தின் அருளா? அல்ல! கடையிலே அமர்ந்திருந்த மேலாளின் கூரிய கண்! கையெழுத்திலே ஐயம் எழுந்தால், பெட்டி திறக்காது.

அந்த மேலாளின் இடத்திலே இன்று அமர்ந்திருப்பது உலாவி. வங்கியின் பக்கம் திரையிலே தோன்றுகிறது. நாம் நாடிய முகவரிக்கு உரியதுதானா அது, இடையிலே புகுந்த எத்தன் விரித்த வலையா? சான்றிதழைச் சோதித்துச் சொல்வது உலாவியின் பணி.

பெட்டிச் சாவியையே ஒப்படைக்கிறோமே, இந்த மேலாளை எப்படித் தேர்ந்தெடுத்தோம்? தேர்ந்தெடுக்கவே இல்லை! கைப்பேசி வாங்கினோம், உள்ளே குரோம் இருந்தது, ஏற்றுக்கொண்டோம். ஏன் என்று கேட்டால், "எல்லோரும் இதைத்தானே வைத்திருக்கிறார்கள்" என்கிறோம். அரசமரத்தைச் சுற்றுவோரிடம் ஏன் என்று கேட்டபோது கிடைத்த விடையும் இதுதானே, தோழர்களே!

அது தானாக வந்து அமர்ந்ததும் அல்ல. ஆண்ட்ராய்டு கைப்பேசி செய்வோர் தன் செயலிகளை மொத்தமாக ஏற்றியே தீரவேண்டும் என்று கூகுள் கட்டாயப்படுத்தியது. இதுவும் பிறவும் குற்றம் என்று கண்டு, 2022-இல் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023-இல் அத்தண்டத்தை உறுதி செய்தது.

"எந்த உலாவியானால் என்ன?" என்பாருக்கு 2014-ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு சூலையில், கூகுள் தளங்களின் பெயரிலே உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிப்பட்டன. வழங்கியது தெருவோரத் திருடன் அல்ல. அரசின் தேசியத் தகவலியல் மையம்! அதற்குப் பின்னே இருந்தது இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் முத்திரை. விண்டோசின் நம்பிக்கைப் பட்டியலிலே அந்த முத்திரைக்கு இடம் இருந்தது; ஆகவே அப்பட்டியலைச் சார்ந்த உலாவிகள் ஏமாறக்கூடிய நிலையில் நின்றன. குரோம், கூகுள் தளங்களுக்கு மட்டும் தனிக்காவல் வைத்திருந்தது. பயர்பாக்சோ தனக்கென்று தனிப்பட்டியல் வைத்திருந்தது. அதிலே அந்த முத்திரை இல்லை. ஒரே பொய்க் கையெழுத்து; ஒரு மேலாள் பெட்டியைத் திறப்பார், இன்னொருவர் மறுப்பார். "எதுவானால் என்ன" என்று இனியும் சொல்லலாமா?

2023-இல் இந்திய அரசு உலாவிப் போட்டி ஒன்றை அறிவித்தது. அதே கட்டுப்பாட்டாளரின் முத்திரை உள்ளே இருக்கவேண்டும் என்பது நிபந்தனை! 2025-இல் முதற்பரிசு ஒரு கோடி ரூபாயைப் பெற்றது, தமிழகத்துச் சோகோ நிறுவனத்தின் 'உலா'. மகிழ்கிறோம். ஆனால், தமிழ்ப் பெயர் சூட்டியதாலேயே ஆராயாது நம்பிவிடலாமா? உலாவை இயக்குவதும் குரோமியம்தான். குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ் ஆகிய அனைத்துக்கும் அடிப்படை அதுவே. பெயர் பல, பீடம் ஒன்று! முதலையெல்லாம் பர்மா என்ற ஒரே மண்ணிலே புதைத்தவர்கள் 1942-க்குப் பின் பட்ட பாட்டைச் செட்டிநாடு அறியாதா?

குரோமியமும் திறந்த மூலநிரல், பயர்பாக்சும் திறந்த மூலநிரல். "நிரலைத் திறந்து வைத்தால் திருடனும் படிப்பானே!" என்று அஞ்சுவோர் உண்டு. படிப்பான், காவலனும் படிப்பான். பேரேட்டைப் பூட்டி வைத்தால் கணக்கு நேராகிவிடுமா? அதற்காக, திறந்தது எல்லாம் தூயது என்று புதிய பக்தி வளர்க்கவும் வேண்டா. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலிலே இருந்த 'ஹார்ட்பிளீட்' ஓட்டை, ஈராண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2014-இல்தான் வெளிப்பட்டது. திறந்த ஏடும் படிக்க ஆளிருந்தால்தான் பயன் தரும். பயர்பாக்சை வளர்க்கும் மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி கூகுள் தரும் பணம் என்பதையும் மறைக்க மாட்டோம்.

ஆகவே, தோழர்களே, கண்ணை மூடிக்கொண்டு எதையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். குரோமியம் சாராத உலாவி ஒன்றையேனும் கணினியிலும் கைப்பேசியிலும் வைத்துப் பழகுங்கள். புதுப்பிப்பை ஒத்திப்போடாதீர்கள். ஊர்பேர் தெரியாத நீட்சிகளை உள்ளே விடாதீர்கள். செய்தவர் யார், பார்க்க உரிமை யாருக்கு, பணம் எவரிடமிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கோயில் வாயிலிலே 'ஏன்' என்று கேட்ட நாம், கண்ணாடித் திரையின் முன் வாய்மூடி நிற்பதோ?