பார்டரை விட்டுவிடுங்கள்!

பிரானூர் பார்டர் என்றதும் பலருக்கு நாக்கில் எச்சில் ஊறும். பரோட்டாவின் மகிமை அப்படி! ஆனால் தமிழ்ப்பற்று மிக்க நண்பர்கள் சிலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல். "ஊர்ப் பெயரில் எதற்கு இங்கிலீஷ்? பிரானூர் எல்லை என்று மாற்ற வேண்டியதுதானே?" என்கிறார்கள். மாற்றக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பார்டர், பழைய பிரெஞ்சிலிருந்து 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சில் அதற்குத் துணியின் ஓரத் தையல், கேடயத்தின் விளிம்பு என்று பொருள். அதற்கும் வேர், கப்பலின் பக்கத்தைக் குறித்த ஒரு ஜெர்மானியச் சொல். நாட்டின் எல்லை என்ற அர்த்தம் பிறகுதான் ஏறியது. ஆக, சேலை பார்டர்தான் மூத்தது, செக்போஸ்ட் பார்டர் இளையது! நம்முடைய 'கரை'யும் இதே ஜாதிதான். ஆற்றுக்கும் கரை, வேட்டிக்கும் கரை.

சரி, பிரானூருக்கு ஏன் அந்தப் பெயர்? பண்பொழியிலிருந்து செங்கோட்டை வழியாகத் தென்காசிக்குப் போகிறவர்கள் இன்று எந்தத் தடையும் இல்லாமல் பிரானூரைத் தாண்டுகிறோம். ஒரு காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம், தென்காசி சென்னை மாகாணம். இரண்டுக்கும் நடுவே இருந்த கோடுதான் அந்த பார்டர். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையும் குமரியும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கோடு மேற்கே மலைக்குப் போய்விட்டது. அது சும்மா நகரவில்லை. திருவிதாங்கூர்த் தமிழர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

இப்போது சொல்லுங்கள். 'பிரானூர் எல்லை' என்று பலகை வைத்தால் அது பொய், ஏனென்றால் அங்கே எல்லையே இல்லை! 'பார்டர்' என்பது இன்று வெறும் பெயர். "ஏன் இந்தப் பெயர்?" என்று எவனாவது கேட்டால் மேலே சொன்ன கதையைச் சொல்லலாம். பெயரை அழித்தால் கேள்வியும் போகும், கதையும் போகும். மிஞ்சுவது பரோட்டா மட்டும்.

தமிழை வளர்க்க ஆசையா? ஜவுளிக்கடையில் ஆரம்பியுங்கள். "ஜரிகை பார்டர் வச்ச சேலை எடுங்க" என்று கேட்பதற்குப் பதில் "ஜரிகைக் கரை" என்று கேளுங்கள். அங்கேதான் நல்ல தமிழ்ச் சொல் ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெயர் அதன் பாட்டுக்கு இருக்கட்டும்!