அன்னாசியின் பெயர்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இங்கிலீஷ் படிக்கும் குழந்தைகள் 'பைனாப்பிள்' என்கிறார்கள். பாட்டிமார் 'அன்னாசி' என்கிறார்கள். சாஸ்திரம் பாட்டிமார் பக்கந்தான்!

அன்னாசி போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த சொல். ஆனால் அது அவர்களுடையதன்று. பிரேஸில் தேசத்து ஆதிகுடிகளான துப்பி மக்களுடையது. மேற்கு மலைக்கு அப்பாலுள்ள மலையாளிகளோ இரவல் வாங்காமல் 'கைதச்சக்க' என்று தாங்களே பெயரிட்டார்கள்: இலைக்குத் தாழை, கனிக்குப் பலா. இரண்டும் இதற்கு உறவல்ல. எனினும் பல பூக்கள் கூடி ஒரே கனியாவதில் இது பலாவைப் போன்றதே. பார்த்த கண் நல்ல கண்.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் பண்டிதர் 1753-ல் இச்செடியைப் 'புரோமீலியா' இனத்தில் சேர்த்தார். அது புரோமீலியஸ் என்ற ஸ்வீடிஷ் வைத்தியரின் ஞாபகமாக ஏற்பட்ட பெயர். ஆதிகுடிகளின் 'அனனாஸ்' இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. மறு வருஷமே பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தோட்ட நிபுணர் அதையே இனப்பெயராக்கினார். வைத்தியர் பெயர் குடும்பத்துக்கு நிலைத்தது.

1917-ல் மெர்ரில் என்ற அமெரிக்கர் அமைத்த 'அனனாஸ் கொமோஸஸ்' என்பதே இன்றைய முழுப்பெயர். கொமோஸஸ் என்றால் லத்தீனில் அடர்ந்த முடியுள்ளது. நம் வழக்கில் சொன்னால், குடுமிக்காரன்!