பட்டன் யார் போடுவது?

வெளிநாட்டில் படிக்கப் போகிற பையனுக்கு முதலில் என்ன வேண்டும்? பாஸ்போர்ட், விசா, பாங்க் லோன், ஒரு பாட்டில் மாவடு என்று நாம் லிஸ்ட் போடுவோம். சேலையூரில் எனக்குத் தெரிந்த பிளஸ் டூ பையனின் லிஸ்ட்டில் முதல் ஐட்டம் வேறு. அப்பா ஒரு பத்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும்.

பையனுக்குப் பதினேழு வயசு. பிறவியிலேயே செரிப்ரல் பால்ஸி. மூளை ஷார்ப், கை, கால், நாக்கு மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. சக்கர நாற்காலி. இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் படிக்க ஆசை.

‘‘இவனுக்குச் சட்டை பட்டன் போடறதே நான்தான் ஸார். அங்க யார் போடுவாங்க?’’ என்றார் அப்பா.

‘‘நீ என்னப்பா சொல்றே?’’ என்று பையனைக் கேட்டேன். அதற்கும் அப்பாவே பதில் சொன்னார். பையன் பொறுமையாகக் காத்திருந்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னான்: ‘‘இவர் நிறுத்தினாத்தானே ஸார் நான் ஆரம்பிக்க முடியும்?’’

அப்பாவின் கவலை நியாயமானது. அதே கவலையை 1962-ல் கலிஃபோர்னியாவில் ஒருத்தர் ஒரு கை பார்த்திருக்கிறார். எட் ராபர்ட்ஸ். பதினாலு வயதில் போலியோ. கழுத்துக்குக் கீழே அநேகமாக எதுவும் அசையாது. ராத்திரி மூச்சு விட ‘இரும்பு நுரையீரல்’ என்கிற பெரிய உருளைக்குள் படுக்க வேண்டும். பள்ளியில் டிரைவிங்கும் உடற்பயிற்சியும் முடிக்கவில்லை என்று சொல்லி டிப்ளமோ தர மறுக்கப் பார்த்தார்கள் (சிரிக்காதீர்கள், நிஜம்). அம்மா சண்டை போட்டு வாங்கித் தந்தார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஹாஸ்டலில் அந்த உருளைக்கு இடமில்லை. கேம்பஸ் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வார்டில் தங்கிப் படித்தார்.

அவரும் நண்பர்களும் 1972-ல் பெர்க்லியில் ‘சுதந்திர வாழ்க்கை மையம்’ தொடங்கினார்கள். இந்த இயக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. தானே சட்டை போட்டுக்கொள்ள இரண்டு மணி நேரம் போராடிக் களைத்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவரைவிட, ஆள் வைத்துப் பதினைந்து நிமிஷத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர்தான் சுதந்திரமானவர். பட்டனை யார் போடுகிறார்கள் என்பது முக்கியமில்லை. எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

‘இவருக்கு வேலை பார்க்க லாயக்கில்லை’ என்று ராபர்ட்ஸுக்கு உதவ மறுத்த அரசு இலாகா ஒன்று உண்டு. 1975-ல் அதற்கே அவர் டைரக்டராகப் போய் உட்கார்ந்தார்!

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. மும்பையின் மாலினி சிப். செரிப்ரல் பால்ஸி. லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டம். அங்கே மோட்டார் நாற்காலியில் தனியே கடைத்தெரு போக முடிந்ததே அவருக்குப் பெரிய விடுதலை. 2010-ல் வெளிவந்த சுயசரிதையை ஒரே விரலால் டைப் செய்தார். புத்தகத்தின் பெயரும் ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’தான்.

அப்பாவிடம் ராபர்ட்ஸ் கதையைச் சொன்னேன். ‘‘அதெல்லாம் சரி ஸார், பாத்ரூம்?’’ என்றார். அதுதான் உண்மையான கேள்வி.

சுருக்கமாகப் பதில். பிரிட்டனில் ஊனமுற்ற மாணவர்களுக்கென்று அரசு தரும் உதவித்தொகை பொதுவாக உள்நாட்டு மாணவர்களுக்குத்தான். சாய்தளம், பரீட்சையில் கூடுதல் நேரம் போன்றவற்றை 2010-ம் வருஷச் சமத்துவச் சட்டப்படி பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். அமெரிக்காவில் 1990-ம் வருஷச் சட்டம் கட்டடத்தையும் வகுப்பையும் கவனித்துக்கொள்ளும். குளிப்பாட்ட ஆள் வைப்பது நம் செலவு. ஆகவே பீஸ் கட்டும் முன்பே எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத வேண்டியது பையன்தான், அப்பா அல்ல.

இன்னொரு பயிற்சி, முன்பின் தெரியாத ஆளிடம் தன் உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் உத்தரவு போடுவது. ‘‘இடது தோளுக்கு அடியில கை குடுங்க. மூணு சொன்னதும் தூக்குங்க.’’ அம்மாவுக்குச் சொல்லாமலே தெரியும். அதனாலேயே வீட்டில் இருக்கும்வரை இது வராது. வாரத்தில் ஒரு நாள் அம்மாவுக்கு லீவு கொடுத்து, வேறு ஆளை வைத்துப் பழக வேண்டும்.

இதற்குத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான காலேஜ் கிடையாது. எலெக்ட்ரிக் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பெட்டி உண்டு. அதில் ஏறி குரோம்பேட்டையில் இறங்கிவிட்டால், ஹீத்ரோ ஒன்றும் பெரிதில்லை. 2024-லிருந்து சென்னையில் தாழ்தளப் பஸ்களும் மறுபடி ஓடுகின்றன. அதுவும் கோர்ட் வரை போய்ப் போராடிப் பெற்றதுதான்.

காலை ரயிலுக்கு ஓடும் பிரம்மச்சாரிகளுக்கு ஒரு வார்த்தை. பிளாட்பாரத்தில் இப்படி ஒரு பையனைப் பார்த்தால், பின்னால் போய் நாற்காலியைத் தள்ள ஆரம்பிக்காதீர்கள். முன்னால் வந்து, ‘‘ஏதாவது பண்ணணுமா தம்பி?’’ என்று அவனையே கேளுங்கள், கூட இருப்பவரை அல்ல. பதில் வர அரை நிமிஷம் ஆகலாம். நில்லுங்கள், அடுத்த ரயில் வரும். ‘வேண்டாம்’ என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பையன் முடிவெடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறான்.